சட்டைக்காரருக்கு வீடு பார்த்தது

"…தமிழ்க்காரர்தான், ஆனா சொன்ன டைமுக்கு டாண்ணு வந்துடுவார்" என்று என் சிநேகிதர் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்திலேயே ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தது சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டுக்காரம்மா. அந்த அம்மாவும் தமிழ்க்காரர்தான். அதை அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அன்றைக்கு வரைக்கும் என்னை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கரண்ட்டுக்காரர் என்பார்கள். மேற்கு தாம்பரத்து ஆள் என்பார்கள். என் மாமியார் வீட்டில், "மாப்பிள்ளை ஸ்கூல் முடிக்கலை, ஆனா புத்திசாலி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். தாம்பரத்தில் பிறந்து தாம்பரத்திலேயே வளர்ந்தவனைத் தமிழ்க்காரன் என்று தனியாகச் சொல்ல யாருக்கும் அவசியம் வந்ததில்லை. அந்தப் பட்டம் எனக்கு நாற்பது வயதில், வால் மாதிரி ஒரு 'ஆனா'வோடு வந்து சேர்ந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று மாதமாக அதே மாதிரி ஒன்றை அவருக்கு நான் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் எலெக்ட்ரிக் ட்ரெயினில் கார்டு. தாம்பரம்–பீச் வண்டியின் கடைசிப் பெட்டியில் வெள்ளை உடுப்போடு நின்று, மணி அடித்து வண்டியைக் கிளப்புகிறவர். எண்பதுகளின் நடுவில் நான் ஒரு காண்ட்ராக்டரிடம் வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாம்பலத்தில் இறங்க வேண்டும். காலை வண்டியை ஓடிப் பிடிப்பேன், அல்லது ஓடிக் கோட்டை விடுவேன். என்னை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தது என்னுடைய தாமதம்தான். நான் படிக்கட்டில் இறங்கி ஓடி வருவதை அவர் பார்ப்பார். பார்த்துக்கொண்டே மணி அடிப்பார். ஒரு நாள் வண்டி நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "ரெண்டு நிமிஷம் முன்னாடி எழுந்திரு மேன்!" என்று கத்தினார். மறுநாள் முன்னாடி எழுந்தேன். அதற்கு மறுநாள் பழையபடி.

"முந்தா நேத்து வந்தது யாரு மேன், உன் தம்பியா?" என்று அதற்கு அடுத்த நாள் கேட்டார். அப்படித்தான் சிநேகமானோம்.

அவர் ஆங்கிலோ இந்தியர். எங்கள் பக்கத்தில் சட்டைக்காரர் என்று சொல்வார்கள். எல்லாரும்தான் சட்டை போட்டிருந்தோம். இருந்தாலும் அவர்கள்தான் சட்டைக்காரர்கள். கார்டு சார் பார்ப்பதற்கு என்னைவிடக் கறுப்பு. தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ், அதுவும் மரியாதையான இங்கிலீஷ். திட்டு வாங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் என்றால் அவருக்கு உயிர். இடது கையில் பெரிய முகப்பு வைத்த கடிகாரம் கட்டியிருப்பார். எங்கேயாவது கம்பெனிச் சங்கு ஊதினால், பள்ளிக்கூட மணி அடித்தால், தூரத்தில் வண்டி போகிற சத்தம் கேட்டால், பேச்சை அப்படியே நிறுத்திவிட்டுக் கையைத் திருப்பிப் பார்ப்பார். "சங்கு இருபது செகண்ட் லேட்" என்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவார். என் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும்போதும் பார்த்தார். "ஏழரைன்னு பத்திரிகையில போட்டிருந்தீங்க. ஏழு முப்பத்தி நாலு" என்றார். மேளம் கொட்டிக்கொண்டிருந்ததால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காதில் விழவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றார். ரயில்வே குவார்ட்டர்ஸை நாலு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். ஒரே மகள் பெங்களூரில். அங்கே இரண்டு அறை, ஏற்கெனவே ஐந்து பேர். "ஹால்ல படுத்துக்கலாம் டாடி" என்று மகள் எழுதியிருந்தாள். கடிதத்தை என்னிடம் காட்டினார்.

"முப்பத்தாறு வருஷம் வண்டியோட கடைசிப் பெட்டியில நின்னேன் மேன். இனிமே யார் வீட்டு ஹால்லயாவது படுன்னா எப்படி? தாம்பரத்துலயே ஒரு வீடு கிடைச்சா போதும். வண்டிச் சத்தம் கேக்கணும். அவ்வளவுதான்."

"நான் பார்த்துத் தரேன் சார், நீங்க சும்மா இருங்க" என்று வாய் கொடுத்தேன். அப்போது நான் சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்தேன். சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் முளைத்துக்கொண்டிருந்த நகர்களில் பாதி வீடுகளுக்கு நான் போட்ட வயரிங். வீடு கட்டுகிறவர்கள், மாடி எடுக்கிறவர்கள், வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன்.

முதலில் போனது மேற்கு தாம்பரத்தில், கவர்ன்மெண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. கீழ்ப்பகுதி காலியாக இருந்தது. நல்ல மனிதர். நான் போனால் காபி இல்லாமல் அனுப்ப மாட்டார்.

"ரயில்வே கார்டா ரிட்டயர் ஆனவரா? பேஷ். பென்ஷன் வரும். எத்தனை பேரு?"

"ரெண்டே பேர் சார். புருஷன் பொண்டாட்டி."

"அப்ப தண்ணி செலவு கம்மி. சொந்த ஊரு எது?"

சொந்த ஊர் எது என்று கேட்பவர்களுக்கு ஊர் தெரிய வேண்டியதில்லை. அது முதல் படி. ஊரைச் சொன்னால் 'அங்க எந்தப் பக்கம்?' என்பார்கள், அது இரண்டாம் படி. மூன்றாவது 'நம்மவங்களா?' என்பது. படி ஏற விடுவானேன் என்று நானே முந்திக்கொண்டேன்.

"சட்டைக்காரர் சார். ஆனா ரொம்ப டீசன்ட்டு. குடிக்க மாட்டார். டான்ஸு கீன்ஸு எதுவும் கிடையாது. முட்டி வலி வேற."

அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். நான் மாட்டிய விசிறி.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் எல்லாரோடயும் பழகினவன். வீட்ல அவளுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்."

உள்ளே அந்த அம்மா கிரைண்டர் போட்டிருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழ வழியே இல்லை. இருந்தாலும் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த ஐந்தாறு வீடுகளில் இதையே கேட்டேன். ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் உள்ளவர் எப்போதும் பக்கத்து அறையில் இருந்தார், அல்லது எதிர் வீட்டில், அல்லது திருச்சியில் படுத்த படுக்கையாக. இத்தனை மாதத்தில் ஆட்சேபம் உள்ள மனிதர் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. யாராவது தங்கள் சிநேகிதரைப் பற்றிப் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். நாலு பேர் பேசுவதைக் கேட்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்; நான் படித்த படிப்பே அதுதான். ஆனால் இதை அதுவரை கவனித்ததில்லை. வண்டியில் சீட்டாடுகிற கூட்டத்தில் ஒருவர், குடையை மறந்து வைத்துவிட்டு மறுநாள் திரும்பக் கிடைத்த கதையைச் சொன்னார். "நம்ம ஃப்ரெண்டு ஒரு பாய், எடுத்து வெச்சிருந்து குடுத்தாரு." குடையில் பாய்க்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு அக்கா, "மாடியில மலையாளத்துக்காரங்க இருக்காங்க, ஆனா தண்ணிக்குச் சண்டையே போட மாட்டாங்க" என்றார். தண்ணீர்ச் சண்டையை மலையாளிகள்தான் கண்டுபிடித்தார்கள் என்பது மாதிரி. ஏர்ஃபோர்ஸ் பக்கத்தில் கடை வைத்திருந்தவர், "என் தோஸ்து பஞ்சாபி, ஆனா ரசம் குடிப்பான்" என்று பெருமையாகச் சொன்னார். அவரே உட்கார வைத்துப் பழக்கிய மாதிரி இருந்தது அந்தப் பெருமை.

என் அம்மா முப்பது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சிநேகிதியை, "வேதக்காரம்மா" என்றுதான் சொல்வாள். கிறிஸ்தவர்களுக்கு அவள் வைத்திருந்த சொல் அது. அவர் பேர் என்னம்மா என்று ஒரு நாள் கேட்டேன். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாள். யோசித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பதினைந்து நாள் கஞ்சி வைத்துக் கொண்டுபோனவளும் இவள்தான்.

நம்ம ஆள் என்றால் பேரைச் சொன்னால் போதும். மற்றவர்களுக்குத்தான் முன்னால் ஒரு தகடு அடிக்க வேண்டியிருக்கிறது. மெயின் போர்டுக்கு மேலே, மண்டை ஓடு போட்டு 'அபாயம்' என்று எழுதிய தகடு ஒன்று மாட்டுவோமே, அது மாதிரி. உள்ளே கரண்ட் இருக்கிறதோ இல்லையோ, தகட்டை முதலில் மாட்டிவிடுவோம். பிறகு அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பயப்படாதீங்க, தொடலாம் என்போம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று புரிந்தது. சரி, இனிமேல் தகடே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வீடு சேலையூரில். பாங்கில் அதிகாரி. மேஜை நிறையப் புத்தகம் வைத்திருந்தார், சாதி மதம் எல்லாம் சுத்தப் பேத்தல் என்று என்னிடமே பலமுறை சொன்னவர். அவரிடம் ரயில்வே கார்டு என்றேன், ரெண்டு பேர் என்றேன், வாடகையை மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுவார் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

கார்டு சார் மனைவியோடு ஆட்டோவில் வந்தார். முதலில் இறங்கியது கார்டு சார். வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க, முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார். என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை. அடுத்து அவர் மனைவி இறங்கினார். நீலப் பூப் போட்ட கவுன். முழங்காலுக்குக் கீழே வரை இருந்தது. தலையைப் படிய வாரி, கையில் பிஸ்கட் பொட்டலம் வைத்திருந்தார், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாசல் விளக்கைப் பார்த்தேன்.

உட்கார வைத்தார்கள். காபி வந்தது. ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் கோயமுத்தூரிலிருந்து ஒரு மச்சினன் மாற்றலாகி வந்துவிட்டான். அவனுக்கு இந்த வீட்டைத்தான் கொடுக்க வேண்டுமாம். இன்று காலைதான் தந்தி வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை தந்தி. கார்டு சார், "கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். பிஸ்கட் பொட்டலத்தை அவர் மனைவி அந்த வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

திரும்பி நடந்தோம்.

"நீ சொல்லலையா மேன்?" என்று கார்டு சார் கேட்டார்.

"சொல்லல சார். எதுக்குச் சொல்லணும்? மனுஷன்னா மனுஷன்."

"அதெல்லாம் சரி. ஆனா நீ என்னைச் சொல்லாம விடல, மறைச்சு எடுத்துட்டுப் போயிருக்க. லக்கேஜ் வேன்ல புக் பண்ணாத மூட்டை மாதிரி. பிடிச்சா யாரு மேன் இறங்கணும்? மூட்டைதான் இறங்கணும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மனைவி என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்: "நான் புடவை கட்டிட்டு வந்திருக்கணுமா?"

ஆட்டோ ஒன்று வந்தது, ஏற்றிவிட்டேன்.

அதன்பிறகு மூன்று வாரம்தான் பாக்கி இருந்தது. குவார்ட்டர்ஸில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. எதை எங்கே அனுப்புவது என்று தெரியாததால் மூட்டைகளின் மேல் எதுவும் எழுதவில்லை. பெங்களூருக்கு டிக்கெட் பார்த்துவைக்கச் சொல்லி மகள் மறுபடியும் எழுதியிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் சானடோரியத்தில் நான் சாமான் வாங்குகிற ஹார்ட்வேர் கடைக்காரர் ஒரு தகவல் சொன்னார்.

"சிட்லபாக்கத்துல ஒரு அம்மா ரெண்டு போர்ஷன் கட்டி வெச்சிருக்கு. ஒண்ணு அஞ்சு மாசமா காலி. யாரு போனாலும் திருப்பி அனுப்புது. உனக்குத்தான் வாய் இருக்கே, போய்ப் பாரு."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம் என்று கடைக்காரர் மூலமே சொல்லி அனுப்பினேன். சானடோரியம் ஸ்டேஷனில் ஒன்பதே முக்காலுக்கு கார்டு சாரைச் சந்திப்பதாக ஏற்பாடு. நான் புறப்பட்டுவிட்டேன், உண்மையிலேயே புறப்பட்டுவிட்டேன். வழியில் ஒருவர், மிக்ஸி ஷாக் அடிக்கிறது, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போ என்றார். ஷாக் அடிக்கிறது என்று சொல்பவரிடம் எப்படி மாட்டேன் என்பது? மிக்ஸியில் ஒன்றும் இல்லை. கோளாறு பிளக் பாயிண்டில் இருந்தது. அது அந்த வீட்டுச் சுவர் முழுக்க இருந்தது.

நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். கார்டு சார் பிளாட்பாரத்து பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார்.

"மேடம் வரலையா சார்?"

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கன்னுட்டா. அவகிட்ட புடவை இல்ல" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "பீச் பக்கம் எட்டு வண்டி போச்சு. தாம்பரம் பக்கம் ஏழு. எல்லாம் ரைட் டைம் மேன். உன்னைத் தவிர."

வீடு ஏரிப் பக்கமாக இருந்தது. ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். இப்போது கல் நட்டுப் பிளாட் போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதில் பெரும்பகுதி சொந்தம். வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். விவசாயம் போனாலும் இரண்டு எருமைகளை விடாமல் வைத்திருந்தார். வேப்ப மரத்தடியில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், இரண்டு இரும்பு நாற்காலிகளைக் காட்டினார்.

"வெயில் ஏறிப்போச்சே. பத்து மணிக்கு வர்றாங்கன்னு கடைக்காரரு சொல்லி அனுப்பிச்சாரு?"

"வண்டி லேட்டுக்கா" என்றேன்.

கார்டு சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷ சர்வீஸும் அந்தப் பார்வையில் இருந்தது.

"எந்த ஆளுங்க நீங்க?" என்று அந்த அம்மா நேராகக் கேட்டார். ஊர் இல்லை, பக்கம் இல்லை. ஒரே படி.

எனக்கு சேலையூர் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் மேற்கு தாம்பரமும். "சட்டைக்காரர்" என்று சொல்லி நிறுத்தினேன்.

"ம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லக்கா."

"இன்னா தம்பி, பாதியில நிறுத்திட்ட? இட்டுகினு வர்றவங்க எல்லாம் 'ஆனா'ன்னு ஒண்ணு சொல்வாங்களே. போன மாசம் ஒருத்தன் வந்தான். பாய் வூடுதான், ஆனா சத்தமே இருக்காதுன்னான். அதுக்கு முன்ன ஒருத்தன், அய்யரு வூடுதான், ஆனா அனுசரிச்சுப் போவாங்கன்னான். அப்படிச் சொன்ன ஒருத்தனுக்கும் நான் வூடு தரல."

"ஏங்க்கா?"

"அவன் சொல்ற கொறை எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. பாய் வூட்ல சத்தம் இருக்கும்னு நான் கண்டனா? அவன் வந்து சொல்லித்தானே தெரிஞ்சிக்கினேன். தெரிஞ்சப்புறம் எப்படி குடுக்கறது?"

அந்த அம்மா கார்டு சார் பக்கம் திரும்பினார்.

"சார், மாட்டுக்கறி துன்னுவீங்களா?"

"உண்டு மேடம். வாரத்துல ஒரு நாள்."

"நம்ம எருமைங்களை அந்தக் கண்ணால பாக்கக் கூடாது."

"எருமையை மெல்ல எனக்குப் பல்லு பத்தாது மேடம்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"தண்ணி போடுவீங்களா?"

நான் மேற்கு தாம்பரத்தில் குடிக்க மாட்டார் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன். இப்போது வாயெடுப்பதற்குள் அவரே, "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஒரு கிளாஸ். ஆறரைக்கு" என்றார். நிமிஷத்தோடு சொன்னார். போயிற்று என்று நினைத்தேன். பெங்களூர் ஹால் என் கண் முன்னால் வந்தது.

அந்த அம்மா கீரைக் காம்பு ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.

"எங்க வூட்ல மாடு புடிக்கப் போனா ஒரு வழக்கம். மாட்டைப் பத்தி தரகன்கிட்ட கேப்போம். தரகனைப் பத்தி மாட்டுக்காரன்கிட்ட கேப்போம். ரெண்டையும் கேட்டாத்தான் மாட்டுக்கு வெலை சொல்றது. தம்பி உங்களைப் பத்தி சொல்லிட்டாரு, ஒரே வார்த்தையில. இப்ப நீங்க தம்பியைப் பத்தி சொல்லுங்க. இன்னா வேலை செய்யிறாரு?"

"எலெக்ட்ரீஷியன் மேடம்."

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"கெணத்து மோட்டாரு ஸ்டார்ட்டரு எரிஞ்சி ரெண்டு அமாவாசை ஆச்சு. தோ நாளைக்கு வர்றேன்னு சொன்ன கரண்ட்டுக்காரன், மூணு பேரு. ஒருத்தன் மூஞ்சியும் காணோம். எருமைங்களுக்கும் சேத்து கையால எறைச்சுகினு கீறேன். சார், நீங்க சொல்லுங்க. இவரை ஒரு நேரம் சொல்லி வரச் சொன்னா, அந்த நேரத்துக்கு வருவாரா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீடு கிடைத்தது. பதினோரு வருஷம் அங்கே இருந்தார்கள். அவர் மனைவி அந்த வேப்ப மரத்தடியில் கவுனோடு உட்கார்ந்து வீட்டுக்காரம்மாவோடு கீரை ஆய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். "எங்க வூட்ல சட்டைக்காரங்க கீறாங்க" என்று அந்த அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். ஏன் கொடுத்தீர்கள் என்று, ஸ்டார்ட்டர் மாற்றப் போன அன்றைக்கு, கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன், கேட்டேன். "தரகனுங்க மாட்டுக்காகப் பொய் சொல்லிப் பாத்துகீறேன் தம்பி. தரகனுக்காகப் பொய் சொன்ன மாட்டை அன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார்.

ஆனால் அந்த வியாழக்கிழமை அது எங்களுக்குத் தெரியாது. கேள்வியைக் கேட்டுவிட்டு அந்த அம்மா காத்திருந்தார். மாட்டுக்கறிக்கும் கிளாஸுக்கும் யோசிக்காமல் பதில் சொன்ன மனிதர் இதற்கு யோசித்தார். 'ஆனா' என்கிற அந்த ஒரு வார்த்தை சொல்கிறவர்களுக்கு வீடு இல்லை என்பதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் திரும்பாமல், "என் ஃப்ரெண்டு மேடம். தமிழ்க்காரர்தான், ஆனா சொன்ன டைமுக்கு டாண்ணு வந்துடுவார்" என்றார்.

அவர் வாயை மூடவும் குரோம்பேட்டைப் பக்கமிருந்து பன்னிரண்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. நீளமாக ஊதினார்கள். எருமைகள்கூடத் தலையைத் தூக்கின. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கார்டு சாரின் இடது கையைப் பார்த்தேன். சங்கு கேட்டால் அந்தக் கை தானாகத் திரும்பும், எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்.

கை திரும்பவில்லை. சங்கு ஓய்கிற வரைக்கும் எதிரே இருந்த வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையால் வாரை அவிழ்த்து, கடிகாரத்தைக் கழற்றி, முகப்பைப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.